வளரும் உடலும் வாங்கும் வண்டியும்

வளரும் குழந்தைக்கு மிதிவண்டி வாங்கும் பெற்றோர் பலர் ஓர் அளவு பெரிதாகவே தேர்கின்றனர். இரண்டு ஆண்டுகளில் கால் எட்டிவிடும், அதற்குள் இன்னொன்றுக்குச் செலவு செய்ய வேண்டியிராது என்பது அவர்களது கணக்கு. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவோருக்கு அது பொறுப்புள்ள கணக்கே. ஆயினும் எது முறையான செயல் என்பதை ஆராயும் அறவியலின் பழைய கேள்வி ஒன்று அதனுள் இருக்கிறது: நாளை வளர்ந்து நிற்கப்போகும் பிள்ளைக்காக, இன்று கண்முன் நிற்கும் பிள்ளையை விட்டுக்கொடுக்கச் சொல்லலாமா?

நிச்சயமற்ற எதிர்காலத்துக்காகக் குழந்தையின் நிகழ்காலத்தைப் பலியிடும் கல்வியை, 1762இல் வெளிவந்த ‘எமில்’ நூலில் தத்துவ அறிஞர் ரூசோ கடுமையாகக் கண்டித்தார். ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர், 1826இல் பெர்லினில் கல்வி குறித்து ஆற்றிய உரைகளில், வாழ்வின் ஒரு கணத்தை வேறொரு கணத்துக்கு வெறும் கருவியாக்கலாமா என்று வினவி, வருங்காலத்துக்கான பயிற்சி அக்கணத்திலேயே குழந்தைக்கு நிறைவு தருவதாகவும் அமைய வேண்டும் என்றார். பெரிய வண்டி இந்த அளவுகோலில் தேறுவதில்லை. சீட்டை அடிவரை இறக்கினாலும் கால் தரையில் ஊன்றுவதில்லை. பெடலைத் தாங்கும் கிராங்க் நீளமாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி உயர்கிறது. பிரேக் பிடியைச் சிறு விரல்கள் முழுமையாகப் பற்ற முடிவதில்லை. அக்குழந்தை முதலில் கற்றுக்கொள்வது அச்சத்தையே.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தலைமுறைகள் பெரியவர்களின் வண்டியிலேயே பழகவில்லையா என்ற மறுப்பு எழலாம். இடக்கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலக்கையால் சீட்டை அணைத்து, சட்டத்தின் குறுக்குப் பாருக்கு அடியில் வலக்காலை நுழைத்து மறுபுறப் பெடலை மிதித்து, உடலைச் சாய்த்தபடி ஓட்டும் ‘குரங்கு பெடல்’ உண்மையில் ஓர் அரிய திறமை. எனினும் அது பிள்ளையின் வெற்றியேயன்றி வண்டியின் தகுதியன்று. அதே ஊர்களில் வண்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளில் சிறுவருக்கான சின்ன சைக்கிள்களும் கிடைத்தன. உடல் வளர வளரப் பிள்ளை வண்டியை மாற்றிக்கொள்ள முடிந்தது. உடைமை இல்லாத இடத்தில் பொருத்தம் எளிதாகக் கிடைத்தது என்பது கருதத்தக்கது.

இங்கே சமண அறம் கைகொடுக்கிறது. இல்லறத்தாருக்கு அது விதிக்கும் ஐந்து நோன்புகளுள் இறுதியானது, உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் மிகுபொருள் விரும்பாமை. சமண ஆசிரியர் உமாஸ்வாதியின் ‘தத்துவார்த்த சூத்திரம்’ உடைமை என்பதையே பற்று என்று வரையறுக்கிறது. அதாவது, பொருள் வீட்டில் இருக்கிறதா என்பதைவிட, மனம் அதை இறுகப் பிடித்திருக்கிறதா என்பதே முதன்மையானது. உணவுபோல் ஒருமுறை துய்த்துத் தீர்வதைப் போகம் என்றும், ஆடைபோல் திரும்பத் திரும்பப் பயன்படுவதை உபபோகம் என்றும் சமண நூல்கள் பிரிக்கின்றன. குழந்தையின் மிதிவண்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது; ஆனால் ஒரு குழந்தையிடம் அதன் பயன் சில ஆண்டுகளில் நின்றுவிடுவதால், அது முழுமை பெற இன்னொரு குழந்தை தேவைப்படுகிறது. எனவே கைமாற்றிக் கொடுப்பது பொருளின் பயனை நிறைவுசெய்வதாகும். அதைத் தானம் என்று உயர்த்திச் சொல்ல வேண்டியதில்லை.

தரமும் மலிவும் இணங்குவதும் இங்கேதான். பால்ரஸ் எனும் சிறு உருண்டைகள் பதித்த அச்சைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து மீண்டும் இறுக்கலாம். கம்பிகளைச் சரிசெய்து சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கலாம். பிரேக் கட்டையை மாற்றலாம். கழற்ற இயலாதபடி செய்யப்பட்ட மலிவான புதுவண்டி முதல் குழந்தையோடு குப்பைக்குப் போக, நன்றாகச் செய்யப்பட்ட பழைய வண்டி மூன்றாம் குழந்தைக்கும் உழைக்கும். விற்கும்போது போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்புவதால், உண்மைச் செலவு இரு விலைகளின் வேறுபாடு மட்டுமே. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மிதிவண்டி, வளர்ச்சி பெரும்பாலும் முடிவடையும் பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. அதற்கு முந்தைய, உடல் வேகமாக மாறும் ஆண்டுகள் குடும்பத்தின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன.

பழையதைப் பெறுவது எப்போதும் இளைய பிள்ளையின், அல்லது ஏழைப் பிள்ளையின் பங்காகவே இருந்தால் அங்கே நீதி குறைகிறது. துருவையும் தளர்ந்த செயினையும் சேர்த்துக் கைமாற்றுபவர் தம் வீட்டுச் சுமையை இறக்கிவைப்பவரே ஆவார். ஆகவே வண்டியை முழுதும் கழற்றிச் சீர்செய்யும் ‘ஓவராயில்’ செலவு கொடுப்பவரைச் சார வேண்டும். சீட்டின் உயரத்தைப் பெறுகிற குழந்தையை ஏற்றி வைத்தே முடிவுசெய்ய வேண்டும். மணியின் நிறத்தையேனும் அக்குழந்தை தேர்ந்தெடுக்க வேண்டும்.