பார்ப்போர் கடனும் வாங்குவோர் கடனும்

ஓவியர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தையே காட்சிக்கூடமாக்கி, தாம் தீட்டிய மனித உருவங்களைக் காணுமாறு நம்மை அழைக்கின்றார் எனக் கொள்வோம். அவ்வீட்டினுள் அடிவைக்கும் நாம் விருந்தினரா, வாடிக்கையாளரா? அருங்காட்சியகத்தில் இவ்வினா எழுவதில்லை. கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவிலும் எழுவதில்லை. அங்கே விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குச் செல்வது இயல்பு. ஆனால் ஒருவர் வீட்டில் அமர்ந்து, அவர் தந்த காப்பியைப் பருகி, படங்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புவது முறையாகுமா? மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் நம்போன்ற குடும்பங்களுக்கு இது சிறிய வினா அன்று. இக்கூச்சத்தாலேயே பலர் ஓவியர் வீட்டுப் படியை மிதிப்பதில்லை.

இதற்கு விடை காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1848இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, 1862இல் இளஞ்சிறுவராக இந்நகருக்கு வந்து, ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார். அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு எண்ணெய்வண்ண நுட்பத்தை அவருக்குக் கற்பிக்க உடன்படவில்லை என்பர். 1868இல் அரசவைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். அப்பார்வையே அவருக்குக் கல்வியாயிற்று. கண்ணால் கொண்டதற்கு அவர் காசு கொடுக்கவில்லை. ஆயினும் அதனை வீணாக்கவும் இல்லை. எனவே பொருள் கொடாது பார்த்தல் குற்றமன்று. கருத்தின்றிப் பார்த்தலே குற்றம் எனலாம். ஒரு முகத்தின் முன் சற்றே நின்று, அதன் துயரையும் அமைதியையும் உள்வாங்கி, “இன்று வாங்க இயலாது” என நேர்மையுடன் கூறி விடைபெறுபவர் ஓவியரை அவமதித்தவர் ஆகார். விலையைக் குறைக்கும் பொருட்டு, இல்லாத குறையை இருப்பதாகச் சொல்பவரே அவமதிக்கின்றார். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துச் சொத்தை என்பதுபோல், ஒருவர் பல நாள் உழைத்துத் தீட்டிய உருவத்தைப் பழித்தல் அறமாகாது.

எல்லாரும் பார்த்துவிட்டே சென்றால் ஓவியர் எதனை உண்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்கருகே சோழமண்டல ஓவியர் கிராமம் தோன்றியபோது, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயே அவ்வோவியர்களுக்குத் துணைநின்றது. வாழ்வதற்கும் வரைவதற்கும் ஒருங்கே இடமான அக்கிராமத்திலும், கலை தனித்து நின்று சோறு போடவில்லை என்பது நாம் எண்ணத்தக்கது. ஆதலின் வாங்க இயன்றவர் வாங்குதல் கடமையே.

ஆனால் வாங்கியவர் எதற்கு உரியவராகின்றார்? துணிக்கும் வண்ணத்துக்கும் உரியவராகலாம். அவ்வுருவத்தைக் காணும் இன்பம் முழுவதற்கும் தாமே உரியவர் என்று கொள்ளுதல் பொருந்தாது. இரவிவர்மாவின் படங்கள் அரண்மனைகளையும் செல்வர் மாளிகைகளையும் அணிசெய்த காலத்தில், அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு அவருக்கு எடுத்துரைத்தவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். 1894இல் பம்பாயில் இரவிவர்மா அச்சகம் தொடங்கியது. அதன் பின்னரே திருமகளும் கலைமகளும் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்தனர். 1935இல் இந்நகரில் சித்ரா கலைக்கூடம் திறக்கப்பட்டபின், மூல ஓவியங்கள் பலவும் பொதுமக்கள் கண்ணுக்கு எட்டின. ஒருவர் சுவரில் தங்கிவிடாது பலர் பார்வைக்கு வந்தமையாலன்றோ அவை நாட்டின் செல்வமாயின?

ஆகவே பார்ப்போர்க்கு ஒரு கடனும் வாங்குவோர்க்கு ஒரு கடனும் உண்டு. பார்ப்பவர் மனத்தைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். வாங்கியவர் பிறர் காணக் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். தனித்து வாங்க இயலாத பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு படத்தை வாங்கித் தம் சங்கக் கூடத்தில் மாட்டுவார்களாயின், இவ்விரு கடன்களும் ஒருங்கே தீரும். ஓவியருக்கு ஊதியம் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கோ, பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில், நின்று பார்த்துப் பழக ஒரு முகம் கிடைக்கும்.