பூட்டாத பூட்டு

பூட்டே இல்லாத வீட்டிற்கும், பூட்டாத பூட்டுத் தொங்கும் வீட்டிற்கும் வேற்றுமை யாது? களவு போகுங்கால் இரண்டும் ஒன்றே என்பர் பலர். யான் அங்ஙனம் கருதுகிலேன். பூட்டில்லாதவன் பொருளை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பான். பூட்டை நம்பியவனோ கவலையற்று உறங்குவான். அவ்வுறக்கத்திற்கு யார் பொறுப்பு?

2005ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் மைஸ்பேஸ் என்னும் சமூக வலைத்தளத்தில் நிகழ்ந்ததை நோக்குக. அங்கத்தினர் தத்தம் பக்கத்தைத் தாமே அலங்கரித்துக்கொள்ள அந்நாளில் இடமிருந்தது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை அதில் இடத் தடை இருந்தது. அத்தடை இயங்கிய விதம் யாதெனில், விலக்கப்பட்ட சொற்களைத் தேடி நீக்குவது, அவ்வளவே. ஸாமி காம்கார் என்னும் 19 வயது இளைஞர், 'ஜாவா' என ஒரு வரியிலும் 'ஸ்கிரிப்ட்' என அடுத்த வரியிலும் பிரித்தெழுதினார். காவலன் கண்ணுக்கு அச்சொல் தென்படவில்லை. சில உலாவிகளோ இரண்டையும் ஒட்டிப் படித்து ஏவலை நிறைவேற்றிவிட்டன. அப்பக்கத்தைப் பார்த்தவர்கள் தாம் அறியாமலே அவர் நட்பை வேண்டினர். அந்நிரல் அவர்தம் பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வலையில் வீழ்ந்தனர். தளத்தையே சிறிது நேரம் மூட நேர்ந்தது.

2007இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அது சரியே. எனினும் காவலனை விசாரித்தவர் யார்?

குறையற்ற பூட்டு உலகில் இல்லை என்று விடை வரும். ஒப்புக்கொள்ளுகிறேன். தோற்றது குற்றமன்று, ஓட்டை உண்டென்று அறிந்த பின்னரும் 'தடுக்கப்பட்டது' என்று எழுதிவைப்பதே குற்றம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எனக்கு, திரையில் அச்சொல்லைக் கண்டால் நம்பிவிடும் வழக்கம் உண்டு. அதனை எழுதியவர் எம்போன்ற கிராணி ஒருவராயிருக்கலாம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை!

எமது தோட்டத்து ஆபீசில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. சாவி திருப்பினால் சத்தம் கேட்கும்; கைப்பிடியை இருமுறை அசைத்தாலோ திறந்துகொள்ளும். வெளியே சொல்லலாகாது என்பது பெரிய கிராணியின் கட்டளை. தெரிந்தால் கள்வர் வருவராம். சென்ற மாதம் மூதாட்டி ஒருவர் தம் சங்கிலியை அதில் வைத்துக்கொள்ளும்படி நீட்டினார். பெட்டி பழுது என்று சொல்லிவிட்டேன். அவர் அதனை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். பெரிய கிராணி இன்றளவும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.