மீட்பதும் படைப்பதும்

தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பவன் ஒருவன். அதைப் போலவே வேறொன்றைச் செய்து கொடுப்பவன் மற்றொருவன். இருவரும் நன்மையையே நாடினர் எனக் கொள்வோம். ஆயினும் இருவர் செயலும் ஒன்றாகுமா? அழிந்த புகைப்படங்களை மீட்கும் மென்பொருளும், சிறிய படங்களைப் பெரிதாக்கும் மென்பொருளும் இன்று ஒரே கணினியில் இயங்குகின்றன. "வாப்பாவின் படத்தை மீட்டுத் தந்தார்கள்" என்று இரண்டையும் ஒரே சொல்லால் கூறுகின்றோம். சொல் ஒன்றாயினும் செயல் இரண்டு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கேமராவின் நினைவட்டையில் ஒரு படத்தை நாம் அழிக்கும்போது, பெரும்பாலும் அழிவது படமன்று. அது இருக்கும் இடத்தைக் காட்டும் அட்டவணைக் குறிப்பே. நூலகப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் அலமாரியிலுள்ள நூல் மறைந்துவிடுமா? அவ்விடத்தின் மேல் புதிதாக ஒன்று எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். பிரான்சு நாட்டுக் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதி, எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வழங்கியுள்ள ஃபோட்டோரெக் என்னும் மென்பொருள், அட்டவணையை நம்பாமல் அட்டையையே நேராகப் படிக்கின்றது. ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8 என்னும் குறிகளோடு தொடங்கும். அக்குறிகளைக் கொண்டு படத்தை அடையாளம் கண்டு எடுத்துத் தருகின்றது. கோப்பின் பழைய பெயர் திரும்பாமற் போகலாம், படம் திரும்பும். மேலே வேறொன்று எழுதப்பட்டுவிட்டால் எதுவும் திரும்பாது. ஆகவே, படம் அழிந்ததென அறிந்தவுடன் அந்த அட்டையில் மேற்கொண்டு படம் எடுக்காதிருப்பதே அறிவுடைமை. இருந்ததைத் தருவது, இல்லாததற்குக் கைவிரிப்பது: இதுவே மீட்பு.

பெரிதாக்கும் கலையின் வழி வேறு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்ஸ் என்னும் முறையை வெளியிட்டனர். நீளத்தில் 16, அகலத்தில் 16 எனப் 256 புள்ளிகளே கொண்ட முகத்தை, 1024க்கு 1024 புள்ளிகளாக அது விரித்துக் காட்டியது. அறிந்த புள்ளி ஒன்றுக்கு அறியாத புள்ளிகள் 4095! அவை எங்கிருந்து வந்தன? முன்னர்ப் பயின்ற எண்ணற்ற பிற முகங்களிலிருந்து, பொருந்துமாறு புனையப்பட்டன. அதே ஆண்டில், பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை அதில் இட்டபோது வெளிவந்தது ஒரு வெள்ளையரின் முகம். அது கற்பனை முகங்களையே தரும், ஆளை அடையாளம் காண உதவாது என்று ஆய்வாளர்களும் தெளிவுபடுத்தினர்.

அரபு எழுத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பண்டைய ஏடுகளில் புள்ளியின்றி எழுதும் வழக்கம் இருந்தது. சொல்லின் நடுவே வரும் ஒரே பல், மேலே ஒரு புள்ளியிட்டால் 'நூன்', இரண்டிட்டால் 'தே', கீழே ஒன்றிட்டால் 'பே'. புள்ளியில்லாத சொல்லுக்குத் தன் ஊகத்தால் புள்ளியிட்டுப் பிழைபட ஓதுவதைத் 'தஸ்ஹீஃப்' என்று அறிஞர்கள் பெயரிட்டுக் கண்டித்தனர். ஓதியவன் பொய்யனல்லன்; ஆயினும் அவன் ஓதியது மூலமன்று. மங்கிய முகத்திற்குப் புள்ளியிடும் மென்பொருள் செய்வதும் இதுவே.

"மர்ஹூமான தந்தையின் முகத்தைத் தெளிவாகக் கண்டு ஓர் உம்மா ஆறுதல் அடைகின்றார்; இதில் என்ன தீங்கு?" என்று கேட்கலாம். அந்தக் கண்ணீரை நாம் எளிதாக எண்ணவில்லை. ஓவியன் தீட்டித் தந்திருந்தால் ஓவியம் என்றே அனைவரும் அறிவர். இதுவோ புகைப்படத்தின் உடையை அணிந்து வருகின்றது. உம்மாவுக்கு உண்மை முகம் நினைவிலுண்டு. பேரனுக்கு அப்படமே முகம். அவன் தன் பாட்டனார் என்று எண்ணிப் போற்றுவது யாரை? புகைப்படம் ஒரு சாட்சி. கண்டதோடு காணாததையும் கலந்து சொல்லும் சாட்சியை எந்த மன்றம் ஏற்கும்? 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டி நீதிமன்றம், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கப்பட்ட காணொளியைக் கொலை வழக்கொன்றில் சான்றாக ஏற்க மறுத்தது. நீதிமன்றத்திற்கு வேண்டிய நேர்மை இல்லத்திற்கு வேண்டாவா?

பெரிதாக்கவே கூடாது என்பது நம் கருத்தன்று. மூலப் படத்தை, எத்துணைச் சிறிதாயினும், அமானிதமாகப் பேணுக. பெரிதாக்கியதன் அடியில் 'கணினியால் பெரிதாக்கியது' என ஒரு வரி எழுதுக. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் புலமைக்கு அவ்வோசையில் இரு பாடல்கள் இயற்றி நிரப்புவது அரிதன்று. அவர் நிரப்பவில்லை. அந்த இரண்டு வெற்றிடங்களும் எஞ்சிய பாடல்களின் மீது நமக்கு நம்பிக்கையை அளிக்கின்றன. நம் முன்னோரின் மங்கிய முகங்களுக்கும் அந்த மரியாதையை நாம் செய்தல் வேண்டும்.