பண்டமும் படையலும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைவீதிகளில் ஓர் அறக்கேள்வி

விலைக்கு வாங்கிய பொருள் படையலுக்கு உரியதா, படையலுக்கு உரிய பொருளை விற்றுப் பிழைப்பது தகுமா என்ற இரண்டும் சமயச் சிந்தனையின் பழைய கேள்விகள். கோயிலும் கடைவீதியும் ஒட்டி வளர்ந்த ஊர்களில் இவை ஏட்டளவில் நிற்பதில்லை. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அத்தகைய ஊர்கள். சனி, ஞாயிறுகளில் வருவோர் ஆண்டாளைச் சேவிக்கிறார்கள்; பிறகு பால்கோவா, பருவத்தில் சப்பட்டை மாம்பழம், கைத்தறிச் சேலை என்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சேவித்தது புண்ணியக் கணக்கிலும் வாங்கியது செலவுக் கணக்கிலும் சேர்கின்றன. அந்த இரண்டு கணக்குகளும் உண்மையில் தனித்தனியானவையா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சனிக்கிழமையும் கடைவீதியும்

வார விடுமுறை அலுவலகங்களோடு வந்தது. சனிக்கிழமை பெருமாளுக்கு உரியது என்ற வழக்கம் அதற்கு மிகவும் முந்தியது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை என்னும் சிறு குன்றில் சீனிவாசப் பெருமாள் கோயில் உள்ளது. தென் திருப்பதி என்று அதை அழைப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுப்புறக் கிராமங்கள் அங்கே திரளும்போது, மலையடிவாரத்தில் கடைகளும் சேர்ந்தே முளைக்கின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் இதே நிலைதான். தேருக்குக் கூடும் கூட்டமும் கடைக்குக் கூடும் கூட்டமும் வேறு வேறு அல்ல.

இந்த நெருக்கத்தை எல்லாச் சமயங்களும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை. எருசலேம் ஆலய முற்றத்திலிருந்து இயேசு வணிகர்களையும் காசு மாற்றுவோரையும் விரட்டியதை நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. வணிகராக வாழ்ந்தவரை இறைத்தூதராகக் கொண்ட இஸ்லாம் வாணிகத்தைப் பழிக்கவில்லை. வாங்கும்போது நிறைவாக அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களையே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடிந்துரைக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் வழக்கத்தில் தேங்காய், பழம், சூடம், பூ எல்லாம் சந்நிதித் தெருவில் காசுக்கு வாங்கப்படுகின்றன. எனினும் ஒரு தயக்கம் இங்கும் உண்டு. தானே வளர்த்துப் பறித்த பூ உயர்ந்தது, விலைக்கு வாங்கிய பூ அதற்குக் கீழ் என்று பூசை மரபு தரம் பிரிக்கிறது. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துத் தாமே மாலை கட்டினார் என்ற வரலாற்றின் பின்னணி இது.

மதுரா நகரத்துக் கடைக்காரர்கள்

பெரியாழ்வார் அந்தத் தொண்டைத் தேர்ந்ததற்கு வைணவக் குருபரம்பரை நூல்கள் காட்டும் முன்மாதிரி, மதுரா நகரத்துக் கடைவீதியில் இருந்த ஒரு பூக்காரர். பாகவத புராணத்தின் பத்தாம் கந்தத்தில் கண்ணன் கம்சனின் நகருக்குள் நுழையும்போது மூன்று தொழிலாளரைச் சந்திக்கிறான். அரசனின் ஆடைகளைச் சுமந்து வந்த வண்ணான் அவற்றைத் தர மறுத்து, இகழ்ந்து பேசி உயிரிழக்கிறான். நெசவாளி ஒருவன் விரும்பி வந்து ஆடை அணிவிக்கிறான். சுதாமா என்னும் மாலைக்காரர் தம் வீட்டுக்கு வந்தவனுக்கு இருப்பதில் சிறந்த மாலைகளைச் சூட்டி, பொருள் கேட்காமல் பக்தியை மட்டும் கேட்கிறார். அதே கந்தத்தில், கோகுலத்தில் பழம் விற்க வந்த பெண்ணிடம் குழந்தைக் கண்ணன் கை நிறையத் தானியம் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். வழியிலேயே தானியம் சிந்திவிடுகிறது. அவளோ அந்தக் கைகள் நிறையப் பழம் கொடுக்கிறாள்; அவள் கூடை மணிகளால் நிறைகிறது.

பழம், துணி, பூ என்று மூன்றும் சந்தைப் பண்டங்கள். இக்கதைகள் வாணிகத்தைத் தீட்டென்று ஒதுக்கவில்லை. தன் கையிலுள்ள பொருள் அதிகாரத்தில் இருப்பவனுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியவன் வீழ்ந்தான். எதிரே நிற்பவரை முகம் பார்த்துக் கொடுத்தவர்கள் உயர்ந்தார்கள். ஆகவே இந்த மரபில் பொருளின் தூய்மை, அது விலைபோனதா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

மாலை: கையின் தடயம்

ஸ்ரீவில்லிபுத்தூரின் மையக் கதை இதைக் கூர்மையாக்குகிறது. பெருமாளுக்கு என்று கட்டிய மாலையை, ஆண்டாளாகிய கோதை தான் சூடிப் பார்த்து, பிறகு அனுப்பிவைக்கிறாள். ஒருநாள் மாலையில் தலைமுடியைக் கண்ட பெரியாழ்வார் பதறி, புதிய மாலை கட்டுகிறார். சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது என்று பெருமாள் அதையே கேட்டுப் பெறுகிறார். முகர்ந்து பார்த்த பூவைக்கூடப் படைக்கக் கூடாது என்ற விதி நிலவும் மரபில் இது விலக்கு. அந்த விலக்கே ஊரின் பெருமையாக இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவக் கருட சேவைக்குத் திருப்பதி செல்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அதைச் சூடிக்கொண்டு வைகையில் இறங்குகிறார். துளசி, செவ்வந்தி, சம்பங்கி, மரிக்கொழுந்து கொண்டு அதைக் கட்டும் கைகளும், ஆண்டாளின் கையில் அமரும் கிளியை நாள்தோறும் இலைகளால் செய்யும் கைகளும் ஊர்க்காரர்களின் கைகளே.

ஒரு பொருளில் மனிதரின் தடயம் இருப்பது குற்றமா என்ற தத்துவக் கேள்வியை இக்கதை எழுப்புகிறது. பெரியாழ்வாரின் முதல் எண்ணத்தில் தடயம் தோஷம். பெருமாளின் தீர்ப்பில் அதுவே சிறப்பு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், கொடையாகக் கொடுக்கும் பொருளோடு கொடுத்தவரின் ஒரு பகுதியும் சேர்ந்து போகிறது என்று பல நாட்டுப் பழங்குடிகள் கருதுவதை விளக்கினார். சந்தைப் பொருள் அப்படியல்ல, காசு கொடுத்ததும் உறவு முடிந்துவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் தமிழ்நாட்டுக் கடைவீதி அப்படி முழுவதும் முடித்துக்கொள்வதில்லை. பூக்காரம்மா தன் கையால் முழம் போடுகிறார். அளவுகோல் அவர் உடம்பே. முதல் போணிக் காசு கண்ணில் ஒற்றிக்கொள்ளப்படுகிறது. அளந்து முடித்த பின் கொசுறாக ஒரு கண்ணி பூவோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ வந்து சேர்கிறது. விற்பனைக்குள்ளேயே கொடை ஒளிந்திருக்கும் இடம் அது.

பால்கோவா: பெயரும் வாய்மையும்

பாலும் நெய்யும் வெண்ணெயும் ஆண்டாள் மரபில் வெறும் உணவல்ல. மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழி சொல்கிறது. அந்த நேர்த்தியை இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணனாக ஏற்றாள் என்றும் மரபு கூறுகிறது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று வைணவ இல்லங்களில் அக்காரவடிசில் செய்யப்படுகிறது.

பால்கோவாவோ மடைப்பள்ளியில் பிறந்ததன்று. கடைகளின் விறகடுப்பில் வளர்ந்த பண்டம். சுண்டக் காய்ச்சிய பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் அதற்கு வேண்டியதில்லை; அகன்ற சட்டியில் அடிபிடிக்காமல் விடாது கிண்டும் உழைப்புத்தான் வேண்டும். ஆயினும் வருவோர் அதைப் பிரசாதம் போலவே கொண்டுபோய் அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிடுகிறார்கள். இதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும், 2009இல் திருப்பதி லட்டும் அதே குறியீட்டைப் பெற்றவை. ஒன்று கடைப் பண்டம், மற்ற இரண்டும் பிரசாதம். சட்டத்தின் முன் மூன்றும் பெயரைக் காக்க வேண்டிய பொருள்கள்.

இங்கே சட்டமும் அறமும் ஓரளவு ஒன்றுபடுகின்றன. குறியீடு காப்பது சுவையை மட்டுமன்று, ஒரு வாக்குறுதியையும். இன்ன ஊரில், இன்ன முறையில் செய்தது என்று சொல்லி விற்பவர் வாங்குபவரின் நம்பிக்கையைக் கடனாகப் பெறுகிறார். மாவு கலந்து அதே பெயரில் விற்பது பொருட்களவு மட்டுமல்ல, பொய்யும்கூட. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்று திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்வது இதற்குப் பொருந்தும். கையின் தடயம் சிறப்பு என்பதால் அழுக்கும் கலப்படமும் மன்னிக்கத்தக்கவை ஆகிவிடுவதில்லை. ஆண்டாள் கதையில் மாலைக்குள் இருந்தது அன்பின் தடயம். அலட்சியத்தின் தடயம் அன்று.

துணி: வாங்குபவரின் பொறுப்பு

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையில் டி.கல்லுப்பட்டி இருக்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960இல் மறைந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த தமிழ்க் கிறித்தவரான அவர், இலண்டனில் கணக்காயராகப் பயின்று, பின்னர் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். கடையில் கிடக்கும் ஒவ்வொரு பொருளிலும் அது உருவான முறையின் நன்மை தீமை ஊறியிருக்கிறது, அதை வாங்குபவர் அந்த நன்மை தீமையில் பங்காளி ஆகிறார் என்பது அவர் வாதம். பொருள் எங்கே எப்படி உருவானது என்று அறியக்கூடிய எல்லைக்குள் வாங்கினால்தான் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியும். அருகில் வாங்குவதற்கு அவர் சொன்ன காரணம் ஊர்ப்பற்று அன்று, பொறுப்பு.

இக்கருத்துக்குத் தமிழில் முன்னோடி உண்டு. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் ஊன் விற்போரும் இரார் என்று புலால் மறுத்தல் அதிகாரம் வாதிடுகிறது. கொன்றவன் வேறு, வாங்கியவன் வேறு என்று ஒதுங்கிக்கொள்ள வள்ளுவர் இடம் தரவில்லை.

இந்தப் பகுதியின் துணித் தொழில் அந்த வாதத்தைச் சோதிக்கிறது. சுந்தரபாண்டியத்தில் கைத்தறியில் பருத்திச் சேலை நெய்யப்படுகிறது. ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய 1936இலிருந்து நூற்பாலைகள் ராஜபாளையத்தின் முகத்தை மாற்றின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. கைத்தறிச் சேலை வாங்குபவர் விரும்பினால் நெய்தவரைக் காணலாம். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு அந்தத் துணி எந்த ஊர்த் தறியில் ஓடியது என்று தெரியாது. தெரியாததால் அறம் அங்கே செயலற்றுப் போகிறதா?

போகிறது என்று சொன்னால் உலகின் பெரும்பகுதி வாணிகம் அறத்துக்கு வெளியே நின்றுவிடும். நேரடி அறிமுகம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்யவே நிறுவனங்கள் எழுந்தன. கைத்தறி நெசவாளர் கூட்டுறவான கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியது; சேலையோடு நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைக்கும் முறையையும் அது கொண்டுவந்தது. இடைத்தரகர் இன்றி விவசாயியே விற்கும் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கி, பிறகு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட மாநிலமெங்கும் பரவியது. அங்கே அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. எடை இயந்திரத்தில் போடப்படுகிறது. விளைவித்தவர் யார், விலை என்ன, எடை எவ்வளவு என்ற மூன்றும் வெளிப்படையாகின்றன.

மறுப்பும் முடிவும்

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. வார இறுதியில் சந்தை தேடிப் போவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, அதற்குச் சமயப் போர்வை எதற்கு என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. பேரங்காடியில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, பூக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசும் பயணி எந்தப் புண்ணியத்தையும் சேர்ப்பதில்லை. உள்ளூர்க் கடை என்பதாலேயே அங்கே கூலி நியாயமாகிவிடும் என்ற உறுதியும் இல்லை. கேட்டறியாமல் வாங்கினால் பக்கத்து ஊர்ப் பொருளும் தொலைதேசத்துப் பொருளும் அறத்தில் ஒன்றே.

பக்தி விலைக்கு அப்பாற்பட்டது, அதைக் கொடுக்கல் வாங்கலோடு கலப்பது தாழ்வு என்பது இரண்டாவது மறுப்பு. சுதாமா விலை கேட்கவில்லை என்பதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் விலை கேளாமல் கொடுப்பது விற்பவரின் உரிமை. விலை குறைத்துக் கேட்பது வாங்குபவரின் பக்தி ஆகாது. பழக்காரியின் கூடையை நிறைத்தவன், வாங்கிய பக்கத்தில் நின்ற கண்ணனே.

ஆகவே பண்டத்தையும் படையலையும் பிரிக்கும் கோடு காசால் போடப்பட்டதன்று. செய்தவரின் உழைப்பும் பொருளின் உண்மையும் மறைக்கப்படும் இடத்தில்தான் அந்தக் கோடு விழுகிறது. அவை மறைக்கப்படாத இடத்தில் விலைக்கு வாங்கிய மாலையும் படைக்கத் தக்கதே. கடையில் வாங்கிய பால்கோவாவும் பங்கிடத் தக்கதே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வருபவர் செய்ய வேண்டியது அரிதானதன்று. யார் செய்தது என்று கேட்க வேண்டும், உரிய விலையைக் கொடுக்க வேண்டும், பொய்ப் பெயரில் விற்பதை வாங்காமல் விட வேண்டும். சந்நிதியில் காட்டும் கவனத்தில் பாதியைக் கடைவீதியில் காட்டினாலே இம்மூன்றும் நடக்கும்.