காற்று ஓயும் முன்பே

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழத்தில்தான் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் மசூலா படகோட்டிகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது வளைந்துகொடுக்கும். கொந்தளிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தால் அவர்களுக்குப் பிழைப்பே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கிறிஸ்தவப் படகோட்டிகள் ராயபுரத்தில் எழுப்பியதே புனித ராயப்பர் ஆலயம்.

அந்த ராயப்பரை, அதாவது பேதுருவைத்தான், மத்தேயு 14ஆம் அதிகாரம் நள்ளிரவு தாண்டிய கடலில் நிறுத்துகிறது. அவர் தம் துணிச்சலை நம்பிக் குதிக்கவில்லை. முதலில், கடல்மேல் நடந்து வந்த ஆண்டவரின் கட்டளையைக் கேட்டார். கிடைத்ததும் படகிலிருந்து இறங்கித் தண்ணீர்மேல் காலை எடுத்து வைத்தார். காற்று அப்போதும் வீசிக்கொண்டுதான் இருந்தது. இருவரும் படகில் ஏறிய பிறகே அது ஓய்ந்தது. இந்த வரிசையைத்தான் நாம் மாற்றிப் போடுகிறோம்: பயம் போகட்டும், அப்புறம் கீழ்ப்படிகிறேன் என்கிறோம்.

நடுவில் பயந்து அவர் அமிழ்ந்ததும் உண்மை. கூப்பிட்டதும் இயேசு கையைப் பிடித்துவிட்டார். கடிந்துகொண்டது பிடித்த பிறகு. எனக்கு மிகவும் ஆறுதல் தரும் இடம் இதுதான்.

எண்ணூரிலோ மணலியிலோ ஷிப்டுக்குப் போகிறவரே, பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால், வேலை போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். ஜெபித்துவிட்டு, அந்த நடுக்கத்தோடேயே முடியாது என்று சொல்லுங்கள்.