இயற்கை யார் பக்கம்?

"பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு இயற்கை கொடுத்த வேலை" என்று யாராவது சொன்னால், உடனே ரியாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும்.

அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில் நாடுகளின் புல்வெளிகளில் வாழும் பெரிய பறவை ரியா. பார்க்க நெருப்புக்கோழி மாதிரி இருக்கும். பறக்காது, வேகமாக ஓடும். தரையில் கூடு அமைப்பது ஆண். பல பெண் பறவைகள் அந்த ஒரே கூட்டில் முட்டையிடும். 20க்கு மேலும் சேர்வதுண்டு. ஐந்தாறு வாரம் அடைகாப்பதும், பொரிந்த குஞ்சுகளை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு திரிவதும் தகப்பன்தான். பெண் பறவைகள் வேறொரு ஆணின் கூட்டுக்குப் போய்விடும்.

வாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் சார்லஸ் டார்வினைப் பாருங்கள். 1830களில் தென் அமெரிக்காவில் பயணம் செய்த அவர், ஆண் ரியாதான் அடைகாக்கிறது என்று அங்கே மாடு மேய்க்கும் கௌச்சோக்கள் சொன்னதைப் பதிவு செய்தார். அவரே 1871இல் வெளியிட்ட 'மனிதனின் தோற்றம்' நூலில், தாய்மை உணர்வால் பெண்ணுக்குப் பரிவு அதிகம், அறிவாற்றலில் ஆணே மேல் என்று எழுதினார். அடைகாத்த தகப்பன் பறவை அந்த எண்ணத்தைத் தடுக்கவில்லை.

நாமும் அந்தப் பறவையை நம்பி வாதாட முடியாது. ரியா வளர்க்கிறது என்பதற்காக ஆண் பிள்ளை வளர்க்க வேண்டும் என்றால், குஞ்சுகளைத் திரும்பிப் பாராத ஆண் மயிலைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்வார். இயற்கையில் எல்லாவற்றுக்கும் உதாரணம் உண்டு. எதை எடுத்துக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்கள்.

ரியாவின் கதையைக் கேட்பவர்கள் அநேகமாக இரண்டு விஷயம் சொல்வார்கள்: "எவ்வளவு நல்ல அப்பா!", "அம்மா இப்படி விட்டுட்டுப் போகலாமா?" பறவைக்கு நல்லவர், கெட்டவர் இல்லை. அந்தத் தீர்ப்பு நம் வீட்டிலிருந்து போனது. குழந்தையைக் குளிப்பாட்டும் அப்பாவுக்குப் பாராட்டும், வேலைக்காக வெளியூர் போகும் அம்மாவுக்குக் கேள்வியும் கிடைக்கும் வீட்டிலிருந்து.

இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிறது. யார் எழுந்திருப்பது? நேற்று யார் தூங்கவில்லை, நாளை யாருக்கு என்ன வேலை என்று இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. நியாயம் கேட்க நமக்குப் பறவையின் சிபாரிசு தேவையில்லை.