ஒளி மங்கும் திசையில் சூரியக் காற்று

சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சேர்ந்ததே சூரியக் காற்று. விண்கலம் தன் பாதையில் எதிர்ப்படும் காற்றை மட்டுமே அளக்கும். 1990இல் ஏவப்பட்ட யுலிசிஸ் சூரியத் துருவங்களின் மேலேயும் சென்று அளந்தது. ஆயினும் ஒரு வேளையில் ஓரிடத்தில்தான் அது இருக்க முடிந்தது. எல்லாத் திசைகளையும் ஒருங்கே அறிய வேறு சான்று தேவை.

அச்சான்று கோளிடைவெளியிலேயே உள்ளது. விண்மீனிடை வெளியிலிருந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்கள் வினாடிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் சூரிய மண்டலத்துக்குள் வருகின்றன. சூரியன் உமிழும் 121.6 நானோமீட்டர் புறஊதா ஒளியை, அதாவது லைமன்-ஆல்ஃபாவை, அவை சிதறடிக்கின்றன. அதனால் வானெங்கும் மெல்லிய புறஊதா ஒளி பரவியிருக்கிறது.

இனி, காற்றின் பங்கு. விரையும் புரோட்டான் ஒன்று இந்த அணுவை நெருங்கும்போது அதன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. இது மின்னூட்டப் பரிமாற்றம். எலக்ட்ரானை இழந்தது இனி ஒளியைச் சிதறடிக்காது. பறித்துக்கொண்ட புரோட்டானும் இப்போது ஹைட்ரஜன் அணுதான். ஆனால் வினாடிக்கு 400 கி.மீ. போல ஓடுவதால், டாப்ளர் விலக்கத்தின் காரணமாகச் சூரியனின் லைமன்-ஆல்ஃபா கோட்டோடு அது இசைவதில்லை. அணுக்களின் எண்ணிக்கை குறையாமலே ஒளி குறைகிறது. சூரியனின் கடும் புறஊதாக் கதிர்களும் அணுக்களை அயனியாக்கும். எனினும் பெரும்பங்கு காற்றினுடையதே.

ஆகவே, ஓரலகுப் பரப்பின் ஊடே வினாடிதோறும் பாயும் புரோட்டான்களின் அளவு, அதாவது பாயம், மிகுந்த திசையில் ஒளி மங்கும். 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ கலத்தின் ஸ்வான் கருவி, புவியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருந்தபடி வானம் முழுவதையும் வரைபடமாக்கியது. சூரியச் செயல்பாடு தணிந்திருந்த அக்காலத்தில், சூரிய நடுக்கோட்டை ஒட்டி மங்கிய பட்டை ஒன்று தெரிந்தது. துருவக் காற்று வினாடிக்கு 750 கி.மீ. வேகத்தில் விரைந்தாலும் மெலிந்தது. நடுக்கோட்டுக் காற்று மெதுவானது, ஆனால் அடர்ந்தது; அதனால் அதன் பாயமே மிகுதி. செயல்பாடு உச்சத்தை நெருங்கியபோது இந்த வேறுபாடு குன்றியது.

இச்சான்றுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. சூரியனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க அணுவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே ஒளி காட்டுவது பல மாதக் காற்றின் தொகுப்பை. மேலும், அது முதன்மையாகப் பாயத்தையே சொல்லும்; வேகத்தைத் தனியே பிரித்துச் சொல்லாது. வேகத்தை அறிய வேறு முறை உண்டு: காற்றின் ஊடே வரும் தொலைதூர வானொலி மூலங்களின் மினுக்கம். உதகமண்டல வானொலித் தொலைநோக்கி செய்துவரும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பாயத்தை வேகத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கிறது. கலம் எதுவும் அங்கே இல்லாத வேளையிலும் சூரியனின் உயர் அட்சரேகைகளுக்கு இக்கணக்கு பொருந்தும்.